கீழே விழுந்தது கீழேயே

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். செய்யக்கூடாதவை என்று தலைப்பு. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. ஆபரேஷன் ஆன காலின் பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. தாழ்வான நாற்காலி கூடாது. சம்மணம் கூடாது. குந்தக் கூடாது. தரையில் உட்காரவே கூடாது. என் வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்தத் தாளையும் இரண்டு தடவை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பயப்படாதே. தரையை மட்டும்தான் தடை பண்ணியிருக்காங்க" என்றார்.

தரையை மட்டும்! ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது பழைய வீடு. அதில் தரையைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? அரிவாள்மணை தரையில். கிரைண்டர் தரையில். அரிசி டிரம் தரையில். சாமி விளக்கு தரைக்கு ஒரு சாண் மேலே. கீரை ஆய்வது, பூக்கட்டுவது, கோலம் போடுவது, கோபித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவது எல்லாமே தரையில்தான். கோபத்தை நாற்காலியில் உட்கார்ந்து காட்டிப் பாருங்கள், எடுபடாது. ஏதோ பேங்க்கில் டோக்கனுக்குக் காத்திருக்கிறோம் என்று நினைப்பார்கள்.

டாக்டர் பொறுமைசாலி. மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இடுப்பை எடுத்துக் காட்டி விளக்கினார். தொடை எலும்பின் தலை ஒரு பந்து, அது உட்காரும் இடம் ஒரு கிண்ணம். எனக்குப் பின்பக்கமாகத் திறந்து இரண்டையும் மாற்றியிருக்கிறார்கள். அந்த வழியில் வெட்டித் தைத்த உறையும் தசையும் ஆறும்வரை, அதிகமாகக் குனிந்து காலையும் உள்ளே திருப்பினால் பந்து பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடலாம். அதற்குத்தான் இந்தத் தடைகள். பொதுவாக 6 முதல் 12 வாரம்வரை சொல்வார்களாம். முன்பக்கமாகத் திறந்து செய்தால் இத்தனை கெடுபிடி இல்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது எனக்குத் தையல் போட்டு முடித்திருந்தது.

ஆபரேஷனைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். தூக்கத்துக்கும் ஏதோ கொடுத்தார்கள், அது என்னிடம் பாதிதான் செல்லுபடியானது. சுத்தியல் சத்தம் கேட்டது. நிதானமாக, கணக்காக, யாரோ எதையோ அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எதையோவில் என் தொடையும் அடக்கம் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. நடுவில் ஒரு குரல், "32 பாக்கலாமா, 36 எடுக்கலாமா?" என்று ஜவுளிக்கடையில் ரவிக்கை அளவு கேட்பதுபோலக் கேட்டது. பந்தின் விட்டம், மில்லிமீட்டரில். எது பொருந்தியது என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று வாசற்படியிலேயே முதல் சிக்கல். வீட்டுக்காரரின் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டு, "வலது காலை எடுத்து வெச்சு வாம்மா" என்றார். ஆபரேஷன் ஆனதே வலது கால். பிசியோதெரபி சொல்லித்தந்த பையன் ஒரு சூத்திரத்தை என்னை மனப்பாடமே செய்ய வைத்திருந்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். அதன்படி நான் இடது காலைத்தான் வைக்க வேண்டும். அத்தை தட்டை இறக்குவதாக இல்லை. கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. தெருவில் நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். கடைசியில் குமாஸ்தா மூளைதான் வழி கண்டுபிடித்தது. "வாக்கரைத்தானே முதல்ல வைக்கப் போறா? வாக்கருக்கும் வலது கால் இருக்குல்ல? அது உள்ள வந்துட்டா சரி." அத்தை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வாக்கர் மங்களகரமாக வலது காலை வைத்து உள்ளே போனது. நான் பின்னாலேயே இடது காலில் போனேன்.

பார்க்க வருகிறவர்கள் முதலில் என் முழங்காலைத்தான் தேடுவார்கள். நம் ஊரில் முழங்கால் மாற்றிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், ஆகவே மூட்டு என்றால் அவர்களுக்கு அதுதான். "எங்க, காட்டு" என்பார்கள். இடுப்பு என்று சொன்னதும் முகத்தில் சின்ன ஏமாற்றம். இடுப்பைக் காட்டு என்று கேட்க முடியாதே. பிறகு சமாளித்துக்கொண்டு, வீட்டிலேயே உயரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். அது என்னுடையது. காலுக்கடியில் கட்டை கொடுத்து, என் இடுப்பு முழங்காலைவிட மேலே நிற்கும்படி உயர்த்திய ஒரே நாற்காலி. "எனக்கும் மூட்டு வலிடி, தாழ்வா உட்கார முடியல" என்பார்கள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நோயாளி நிற்க, பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து காபி குடிக்க, ஒருமணி நேரம் நலம் விசாரிப்பு நடக்கும்.

ரத்தம் கட்டாமலிருக்க, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அதை அத்தை எதிரில் செய்ய வழியில்லை. "காலை ஆட்டாதேடி, வீட்டுக்கு ஆகாது." டாக்டர் சொன்னது என்றேன். "டாக்டர் வீட்டுக்கு ஆகும்போல இருக்கு." அதன்பிறகு போர்வைக்குள் ரகசியமாக ஆட்டினேன். அத்தை வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளுக்குக் குளிர்ஜுரம்போல இருக்கு, நடுங்குறா" என்று சொல்லியிருக்கிறார். கத்திரி வெயில் நேரம்.

கத்திரி வெயிலில்தான் அந்தக் காலுறையும். தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் வெள்ளைக் காலுறை, அதுவும் ரத்தக்கட்டுக்காகவே. அதை நான் குனிந்து மாட்டக் கூடாது. வீட்டுக்காரர்தான் மாட்டிவிட வேண்டும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் பாதம் அவர் கையில் பட்டது மெட்டி போட்ட அன்று ஒரு தடவை. இப்போது தினம் காலையில் ஒரு மல்யுத்தம். குதிகால் வரும் இடத்தில் விரல் வரும், விரல் வரும் இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கும். ஒரு நாள், "இந்த மேட்டருக்கு ஒரு வாய்தா வாங்க முடியுமா?" என்று கேட்டார்.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. டைட்டானியம் தண்டு, அதன்மேல் பீங்கான் பந்து, கிண்ணத்துக்குள் ஒரு வகை பிளாஸ்டிக். பீங்கான் என்றதும் ஊறுகாய் ஜாடியை நினைத்து எல்லார் முகத்திலும் கவலை படரும். படுத்தே கிடந்த நாட்களில் இதன் பூர்வீகத்தைப் படித்து வைத்திருந்தேன். வந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தால் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள் என்பது கூடுதல் பலன். 1891-இல் பெர்லினில் கிளக் என்ற டாக்டர் யானைத் தந்தத்தில் இடுப்பு மூட்டு செய்து பார்த்தார். நமக்கு இன்னும் பக்கத்தில், பர்மாவின் மாண்டலேயில், சான் பா என்ற டாக்டர் 1960-இலிருந்து 300-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தந்தத்தில் கடைந்த பந்தை வைத்திருக்கிறார், அவர்களில் பலர் நன்றாக நடந்தும் இருக்கிறார்கள். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "மெதுவா பேசு. ஆண்டாள் காதுல விழுந்துடப் போகுது" என்றார். ஆண்டாள் எங்கள் கோயில் யானை.

இன்றைக்கு எனக்கு வைத்திருப்பதற்கு வழி போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. ஒரு நோயாளிக்கு வேறு யாரோ வைத்திருந்த அக்ரிலிக் மூட்டு, அவர் குனியும்போதெல்லாம் கீச்சென்று கத்தியதாம். அதைக் கேட்டுத்தான் உராய்வைக் குறைக்க வேண்டும் என்று சார்ன்லிக்குத் தோன்றியது. முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்தார். ஆம், தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்துபோய் எல்லாம் தோல்வி. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் முதலிலேயே சொல்லியிருப்பாள். ஆனால் மனிதர் உத்தமர். அந்தப் பொருள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே துணுக்கைப் பதித்துக்கொண்டார். 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார், அது நின்றது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் இந்த ஆபரேஷனை 'நூற்றாண்டின் அறுவை சிகிச்சை' என்று தலைப்பிட்டே எழுதியது.

நூற்றாண்டின் அறுவை சிகிச்சை முடித்த நான், கட்டிலுக்கடியில் உருண்டுபோன மாத்திரையை எடுக்க வழியில்லாமல் நின்றேன். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: குனிய முடிந்த காலத்தில் பொருள்கள் இத்தனை விழுவதில்லை. மாத்திரை அட்டையைப் பிதுக்கினால் மாத்திரை நேராக பீரோவுக்கடியில் போகிறது. ரிமோட் விழுகிறது, அதன் பேட்டரி தனியாக வேறு திசையில் விழுகிறது. சீப்பு, மூக்குக் கண்ணாடி, கொத்தமல்லிக் கட்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு தனி ராஜ்யம் உருவாகிவிட்டது. அதற்கு விசா உள்ளவர்கள் வேலைக்கு வரும் அக்காவும் பேரனும் மட்டுமே. அக்கா காலை எட்டு மணிக்கு வருவார். அதுவரை கீழே விழுந்தது கீழேயே. பேரன் எடுத்துக் கொடுப்பான், ஒரு பொருளுக்கு ஐந்து ரூபாய். கண்ணாடிக்குப் பத்து, "ஏன்னா அது இல்லாம உங்களால பேரம் பேச முடியாது பாட்டி."

மகன் ஆன்லைனில் ஒரு கொக்கிக் குச்சி வாங்கி அனுப்பினான். பிடியை அழுத்தினால் நுனியில் இரண்டு தாடை மூடும். செய்தித்தாளை எடுக்கும், துண்டை எடுக்கும், சாவிக்கொத்தைப் பிரமாதமாக எடுக்கும். மாத்திரை, நாணயம், தீக்குச்சி எதையும் எடுக்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவி உலகத்தில் கிடையாது.

அவர் பாவம். சமையலறையும் அவர் பொறுப்பானது. நான் கட்டை கொடுத்த நாற்காலியில் வாசல்பக்கம் உட்கார்ந்து உத்தரவு போடுவேன். "உளுத்தம்பருப்பு எங்க?" கீழ்த்தட்டில். "கீழ்த்தட்டுல எங்க?" பின்னால். "பின்னால எங்க?" பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில். "பெருங்காய டப்பா எங்க?" இதற்குள் எண்ணெய் புகையும். ஒரு வாரத்தில் அவரே எல்லா டப்பாவையும் மேடைமேல் அடுக்கிவிட்டார். நான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

வாசல் மணி இன்னொரு சோதனை. மணி அடிக்கும். வாக்கர், வலது கால், இடது கால். வாக்கர், வலது கால், இடது கால். கூடத்தைக் கடந்து கதவைத் தொடும்போது போனில் செய்தி வந்து விழும்: வீட்டில் ஆள் இல்லாததால் பார்சல் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. நான் தபால் ஆபீஸில் கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு திரும்பி வந்த எத்தனையோ தபால்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் வாக்கரோடு வந்துகொண்டிருந்தார்களோ.

பின்வீட்டு அம்மா பிரண்டைத் துவையல் கொண்டுவந்தார். மறுநாள் கொல்லிமலையிலிருந்து வரவழைத்த முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பழுப்பு ரோமத்தோடு பார்க்கவே பயமாக இருக்கும் அந்தக் கிழங்குக்குச் சைவ ஆட்டுக்கால் என்றே பெயர். "எலும்பு ஒட்டும், குடிங்க." ஒட்ட வேண்டிய எலும்பை வெட்டி எடுத்தாகிவிட்டது, டைட்டானியத்துக்குப் பிரண்டை என்ன செய்யும் என்று நான் வாதாடினேன். அடுத்த செக்கப்பில் டாக்டரையும் சாட்சிக்கு இழுத்தேன். அவர், "உங்களுக்கு சிமென்ட் வைக்கலம்மா. தண்டோட சொரசொரப்புல உங்க எலும்பு வளர்ந்து பிடிச்சுக்கணும், அதுக்குச் சில வாரம் ஆகும்" என்றார். ஒட்ட வேண்டியது இருக்கத்தான் செய்கிறது. துவையலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்வீட்டு அம்மா அதைத் தனக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் அனுப்பினார்.

அந்தப் பிசியோதெரபி தம்பியைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன். "வலிச்சா சொல்லுங்கம்மா" என்பான். சொன்னால், "ஆமா, வலிக்கும்" என்பான். அவனால்தான் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வந்தேன். தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் தெருவே இரண்டு கட்சியானது. வலி உள்ள பக்கம்தான் என்று பெரும்பான்மை. நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். நான் அப்படியே பிடித்தேன். எதிர்ப்பட்டவர்களெல்லாம் திருத்திவிட்டுப் போனார்கள்.

இப்போது குனியலாம், கொஞ்சம். தரையில் உட்காருவதை டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை, அனுமதிப்பார் என்றும் தோன்றவில்லை. கழிப்பறையில் உயரத்துக்காக வைத்த இருக்கையை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அதை எடுக்க வீட்டுக்காரர் விடவில்லை. "இருக்கட்டுமே. பேப்பர் படிக்க வசதியா இருக்கு" என்கிறார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

வாக்கரைக் கேட்டுப் போன வாரம் மூன்றாவது வீட்டுப் பையன் வந்தான். அவன் தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, நாளைக்கு ஆபரேஷனாம். எனக்கும் அது வேறொரு வீட்டிலிருந்து வந்ததுதான், ரப்பர் புஷ் மட்டும் நான் புதிதாகப் போட்டது. வாக்கரோடு சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்: கட்டில் காலுக்குக் கட்டை, கால்களுக்கு நடுவே தலையணை, தண்டு, பந்து, மாண்டலே, சார்ன்லி, பிரண்டைத் துவையல். "முக்கியமா, தாத்தாவுக்கு வேண்டியதை எல்லாம் இன்னைக்கே தரையிலேர்ந்து எடுத்து மேல வெச்சிடு." பையன் தலையை ஆட்டிக்கொண்டே வாக்கரைத் தூக்கினான், கையிலிருந்த பைக் சாவி விழுந்தது. அவன் குனியப் போனான்.

"நில்லு, குனியாதே!" என்று கத்தி, கொக்கிக் குச்சியை எடுத்துவரச் சொல்லி வீட்டுக்காரரை உள்ளே விரட்டினேன்.