தாமிர யோகம்

1998-இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ சில்லின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். உலகம் நம்பியது, சில்லை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் அமெரிக்க ஓவர்கிளாக்கர்கள் நம்பவில்லை. பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு ஏற்றினார்கள். 300-இன் விலைக்கு 450 கிடைத்தது. எவ்வளவு பணம் மிச்சம்! வேகத்தோடு சூடும் ஏறியது; அந்த மிச்சத்தைச் செலவழிக்கத்தான் தண்ணீர்க் குளிர்விப்பு வந்தது.

சில்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் ஓடவிட ஒரு தாமிரக் கட்டி போதும். துளையிடும்போது டிரில் பிட்டைக் கவ்வி உடைக்கும், இன்னொன்று வாங்கலாம். மூடியைப் பற்றவைக்கப் போனால் சூட்டையெல்லாம் கட்டியே விழுங்கி, ஈயத்தை உருகவிடாது. தாமிரத்தின் தரத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்? அடிப்பக்கத்தை முகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். ராத்திரி முழுக்கத் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். உடனே அதன்மேல் வெப்பம் கடத்தும் பேஸ்ட் பூசி மறைத்துவிடவேண்டும்.

பம்புக்கு மீன்தொட்டி இருக்கிறது; மீன்கள் அனுசரித்துப் போகும். ரேடியேட்டருக்கு, காரின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் கோர். வாசலில் சொந்தக் கார் நிற்கையில் கடைக்கு எதற்குப் போவது? அதன்மேல் காற்று வீச ஒரு விசிறி. விசிறிச் சத்தம் பொறுக்காமல்தான் இத்தனை பாடும் என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஜனவரிப் பனியில் காருக்குள் மனைவி நடுங்கினால் கணினி அருகே வந்து உட்காரச் சொல்லலாம். அங்கே நல்ல கதகதப்பு.