கேஸ் கம்மியா இருக்கு சார்

வீட்டைச் சூடாக்க ஓர் ஆள், குளிர வைக்க இன்னோர் ஆள் என்று தேடி அலைய வேண்டிய தேசங்கள் உலகத்தில் உண்டு. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு அதில் பாதித் தொல்லைதான். சூடாக்கும் காண்டிராக்டைச் சூரியன் எப்போதோ எடுத்துவிட்டான். கூலி கேட்பதில்லை, நேரம் தவறுவதில்லை, வேலையில் குறை வைப்பதும் இல்லை. ஓட்டுக்கூரையும் முற்றமும் திண்ணையுமாக வீடுகள் இருந்தவரை அவனோடு எப்படியோ ஒத்துப்போனோம். இப்போது கொம்யூன் முழுக்கக் கான்கிரீட் தளம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி நாம் படுத்த பிறகு நிதானமாகக் கக்குகிறது. ஆகவே வீட்டுக்கு ஓர் ஏசி அறை. அதில் பாட்டி முதல் பேரன்வரை வரிசையாகப் பாய் விரித்து ஒரு குடும்பம். கத்திரி வெயிலில் அந்த ஏசி நின்றுவிட்டால் குடும்பமே நாள்முழுக்கப் போன் போட்டுத் தேடும் ஒரு மனிதர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். பைக் டாங்கின் மேல், செல்லப் பிள்ளையை உட்கார வைத்த மாதிரி ஒரு கேஸ் சிலிண்டர். கழுத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று குழாய் தொங்கும் கேஜ், எம்.பி.பி.எஸ். படித்தவர்கூட ஸ்டெதாஸ்கோப்பை அவ்வளவு மிடுக்காக மாட்டிக்கொள்வதில்லை. பின்சீட்டில் ஏணியைத் தோளில் கோத்தபடி ஒரு பையன். பையனுக்கு வேலை இரண்டு: டார்ச் பிடிப்பது, எது தவறினாலும் திட்டு வாங்குவது. போனில் இவர் எப்போதும் பாதி வழியில்தான் இருப்பார். "வந்துனே இருக்கேண்ணா, ரயில்வே கேட் போட்டுட்டான்" என்பார். 1879இல் திறந்த விழுப்புரம்-புதுச்சேரி பாதையில் ஒரு நாளில் ஓடும் வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை வண்டியும் இவர் கிளம்பும் நேரம் கேட்டுத்தான் கிளம்புகிறது போலிருக்கிறது. வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு வடம் பிடிக்க, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தொடங்கிய வழக்கப்படி, இன்றைக்கும் கவர்னரே வந்து நிற்கிறார். அந்தக் கவர்னர் ஆள் அனுப்பினாலும் இந்த மெக்கானிக் கேட்டில்தான் மாட்டிக்கொண்டிருப்பார். ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்ல வேண்டும். சித்திரையில் ஊரில் உள்ள ஏசி எல்லாம் ஒரே வாரத்தில் படுத்துக்கொள்கின்றன. ஐப்பசியில் அவரை நினைப்பார் ஒருவரும் இல்லை. அப்போது போர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டும், கல்யாண வீட்டில் சீரியல் பல்பு தொங்கவிட்டுக்கொண்டும் காலம் தள்ளுகிறார். நாலு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டிய மனிதர் நாலு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 'இதோ' சொல்வதில் அதிசயம் இல்லை.

வந்ததும், வீட்டுக்காரர் ஐம்பது தடவை அழுத்திப் பார்த்த ரிமோட்டைத் தானும் ஒரு தடவை அழுத்துவார். இன்டோர் மூடியைத் திறந்து 'ச்சு' கொட்டுவார். முன்பு கைவைத்த மெக்கானிக்கின் யோக்கியதை முழுவதும் அந்த ஒரு 'ச்சு'வில் அடங்கிவிடும். பிறகு மாடி ஏறி அவுட்டோரில் கேஜை மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், வானத்தையும் ஒருமுறை பார்ப்பார், தீர்ப்பு இறங்கும்: "கேஸ் கம்மியா இருக்கு சார்." இந்த நாலு சொல்லுக்காகத்தான் ஊர் அவரைத் திருடர் என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வசனம் பேசுகிறவர் அவர். எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

வம்பு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. அடுப்பில் எரிவதும் கேஸ், ஏசிக்குள் சுற்றுவதும் கேஸ். சமையல் சிலிண்டர் தீருகிறது, புக் பண்ணுகிறோம், வேறு வருகிறது. ஏசி கேஸும் அப்படித்தான் ஓட ஓடத் தீரும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அது எரிகிற கணக்கே இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி, அறையின் சூட்டை வாங்கி வெளியே கொட்டிவிட்டுத் திரும்பும் சரக்கு அது. இப்போது விற்கும் ஒன்றரை டன் ஏசி ஒன்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோ ஆர்-32. குழாயில் ஓட்டை விழாதவரை அந்த ஒரு கிலோ பத்து வருஷம் கழித்தும் ஒரு கிலோதான். காற்று குளிராமல் போவதற்கு வேறு காரணங்கள் வண்டி வண்டியாக இருக்கின்றன. நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூர்ப் பக்கம் அறுப்பு முடிந்தால் வைக்கோல் தூசி வலையை அடைத்துக்கொள்ளும். போர்டின் மேல் பல்லி விழுந்து தானும் செத்து போர்டையும் சாகடிக்கும். பிரான்சுக்குக் குடிபோனவர்களின் பூட்டிய வீட்டில் குளவி கூடு கட்டும், எலி ஒயரைக் கடிக்கும். எல்லாவற்றிலும் சாதாரணமானது கெபாசிட்டர். வெயிலிலும் ஏறி இறங்கும் வோல்டேஜிலும் வெந்து அது செத்துவிட்டால் வெளியே விசிறி மட்டும் சுற்றும், கம்ப்ரசர் எழுந்திருக்காது, உள்ளே வெறும் காற்று வரும். வீட்டுக்காரர் கண்ணுக்கு இது கேஸ் போன வியாதியேதான். மெக்கானிக் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரே வாசலில் சொல்லிவிடுகிறார்: "கேஸ் போயிடுச்சின்னு நெனைக்கிறேன் தம்பி." நோயாளியே மருந்தையும் எழுதி நீட்டினால் மருத்துவருக்கு என்ன வேலை மிச்சம்?

இனி பில்லுக்கு வருவோம். என் வழக்கின் முக்கிய சாட்சி அதுதான். கெபாசிட்டர் போனதை ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்து, பத்தாவது நிமிஷம் மாற்றிவிட்டு, பொருளோடு சேர்த்து அறுநூறு ரூபாய் கேட்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "ஒரு டப்பாவ மாத்தனதுக்கு அறுநூறா? கடையில எரநூறு ரூவா சாமான் தம்பி அது" என்று வீடே திரளும். இன்னொருவர் இரண்டு மணி நேரம் மாடியில் வியர்த்து, பையனை நாலு முறை திட்டி, சிலிண்டரைக் குலுக்கி, 'புஸ்' என்று சத்தம் வரவைத்து இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்கிறார். அவருக்குப் பேரம் இல்லாமல் பணமும் மேலுக்கு ஒரு மோரும் கிடைக்கின்றன. ஏனென்றால் அவர் ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறார். சத்தம் கேட்டது, சிலிண்டர் கண்ணில் பட்டது. ஒன்றரை டன் ஏசி ஒரு நாள் முழுக்க ஓடினால், சுமார் 1,360 கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் அளவுக்குச் சூட்டை அறையிலிருந்து இழுக்க வல்லது. 'டன்' என்ற சொல்லே ஐஸ் கணக்கில் வந்ததுதான். அதே குளிர்ச்சி மாட்டுவண்டியில் ஐஸ் பாராக வந்து இறங்கினால் எண்ணி எண்ணிக் காசு கொடுப்போம். கண்ணுக்குத் தெரியாத எதற்கும் நம் மடியில் முடிச்சு அவிழாது. ஊசி போடாத டாக்டரிடம் பீஸ் கொடுக்க மூக்கால் அழுகிற அதே மனம்தான் இது. தன் மூளைக்கு அறுநூறு கிடைக்காது, வெறும் சிலிண்டருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கிடைக்கும் என்று கண்டுகொண்ட மெக்கானிக், மூளையைச் சிலிண்டருக்குள் அடைத்து விற்கிறார்.

அறிவுக்குக் கூலி கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமில்லை என்று சமாதானம் சொல்வார்கள். பாகூர்க்காரர்கள் முன்னால் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் நடந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்ததாகப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படித்தவர்கள் படித்துக்கொண்டிருப்பதற்காக மூன்று முழு ஊர்கள்! அதே ஊரில் கெபாசிட்டர் படிப்புக்கு நானூறு ரூபாய் அதிகம் என்கிறோம். அட, அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். வில்லியனூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஆண்டுக்கொரு தடவை ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று 2009இல் அரசாணையே போட்டுவிட்டார்கள். வருகிற ஆள் திறந்து பார்த்து, துடைத்து, அளந்து, "நன்றாக இருக்கிறது" என்று ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். எதுவும் கெடவில்லை என்று சொன்னதற்கு அவருக்கு யூரோவில் கூலி, கூடவே 'மெர்சி'. அந்தத் தாளுக்கு அங்கே வாய் திறக்காத அதே மனிதர் டிசம்பரில் ஊருக்கு வந்து இறங்கியதும், "வந்து பாத்ததுக்கே முந்நூறா? நீ எதுவுமே போடலியேப்பா" என்கிறார். ஆள் மாறவில்லை, விமானம் மாறியதும் வழக்கம் மாறிவிட்டது. அதனால்தான் குற்றத்தை மெக்கானிக் தலையில் மட்டும் கட்ட எனக்குக் கை வரவில்லை.

கம்பெனி சர்வீஸைக் கூப்பிட்டால் இந்தப் பேச்சே எழாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கூப்பிடலாம். இனிய குரல் ஒன்று பின்கோடு கேட்கும். வில்லியனூர் 605110 என்றால் பிழைத்தீர்கள். பாகூர் 607402. மாநிலம் புதுச்சேரி, எண்ணோ கடலூர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் உங்களைக் கடலூருக்குத் தள்ளும், கடலூர்க்காரர் "அது பாண்டிச்சேரி ஏரியா சார்" என்று திருப்பித் தள்ளுவார். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு துண்டாகப் போட்டுவைத்த எல்லையில் உங்கள் ஏசி இன்னும் கொஞ்ச நாள் வேகும். அதற்குள் கேட் திறந்து நம்மாள் வந்தேவிடுவார். பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பது படித்தவர்கள் கட்சி. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சிச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க இலக்கு வைத்தது, நல்ல காரியம்தான். ஆனால் முறையாகப் பயின்றவர் நிஜமாகவே ஓட்டை விழுந்த ஏசிக்கு என்ன செய்ய வேண்டும்? நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி ஓட்டையைத் தேட வேண்டும். பற்றவைக்க வேண்டும். வேக்குவம் பம்பைப் போட்டு, குழாயில் காற்றும் ஈரமும் போகும்வரை அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றுவது. இதில் உயிரான வேலை அந்தக் காத்திருப்பு. அதைப் பார்க்கும் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "மோட்டாரப் போட்டுட்டு சும்மா ஒக்காந்துனு இருக்கான்." சும்மா உட்கார்ந்ததற்குக் காசு கிடையாது என்று தெரிந்தபின் சான்றிதழ் வாங்கியவரும் பம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சிலிண்டரை மட்டும் எடுத்து வருகிறார்.

இன்னோர் ஆட்சேபம் கனமானது. அதை என்னால் தட்டிக்கழிக்க முடியாது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பாட்டியிடம் கெபாசிட்டருக்குப் பதில் கேஸ் பில் போடுவது ஏமாற்று வேலைதானே? ஆமாம், ஏமாற்றுத்தான். கேட்க வேண்டிய கூலியைப் பொருளுக்குள் ஒளித்துவிட்டால் அதற்கு வரம்பு போவது உண்மை. அறுநூறு என்று வெளிச்சத்தில் நின்றிருக்க வேண்டியது இருட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறாகக் கொழுத்துவிடுகிறது. பேரம் பேசத் தெரிந்தவர் தப்பிக்கிறார், தெரியாத பாட்டி மற்றவர்கள் மிச்சம்பிடித்ததையும் சேர்த்துக் கட்டுகிறார். அதற்காக மெக்கானிக்கை நான் விடுவிக்கவில்லை. கூண்டில் அவர் பக்கத்தில் நமக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் ஏசிகள் உறைபோட்டுத் தூங்குகின்றன. விடிகாலையில் கோயில் மைக் அலறும்போது வெந்நீர் தேவைப்பட்டு, வருஷத்தில் ஒருமுறை, சூடாக்கும் துறையிலும் இவருக்கு அழைப்பு வரும். குளியலறைச் சுவரில் தொங்குவது கரண்டில் ஓடும் கீசர். உள்ளே காயிலில் உப்பு படிந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கும். வேறெதுவும் அதில் இல்லை. வீட்டுக்காரர் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்து நின்று கவலையோடு கேட்கிறார்: "தம்பி, கேஸ் இருக்கா பாரு." மெக்கானிக் பையனைப் பார்க்கிறார். பையன் டார்ச்சைப் பார்க்கிறான். அவருக்குள் இருக்கும் நேர்மையான மனிதர் ஒரு விநாடி வாயைத் திறந்து, மூடிக்கொள்கிறார்.

"பாத்துடலாம் சார்."