பதினேழடிப் பட்டறை

ஓய்வு பெற்ற மறுமாதம் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "ஒரு பட்டறை கட்டப் போறேன். ஒட்டினாப்புல குடியிருக்க ஒரு வீடும்."

சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. "வெல்டிங் பட்டறையா, பாத்திரப் பட்டறையா?" என்றார் மாமியார். மதுரையில் பட்டறை என்றால் ஒன்று பொறி பறக்க வேண்டும், இல்லை பித்தளை அடிபட வேண்டும். முப்பது வருஷம் பேரேட்டில் கூட்டல் போட்ட மனுஷன் இழைப்புளி பிடிக்க ஆசைப்படுவான் என்று யாருக்குத் தோன்றும்?

"மரவேலைங்கத்தை."

"யாருக்குச் செய்யப் போறீங்க?"

"சும்மா."

அந்தச் 'சும்மா'வை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மனை திருமங்கலம் பக்கம், ஐந்து சென்ட். 33க்கு 66, பெருக்கினால் 2178 சதுர அடி. விற்கும்போது புரோக்கர் காற்றைப் பற்றிச் சொன்னார், நாலுவழிச் சாலையைப் பற்றிச் சொன்னார், மண்ணைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சுத்தக் கரிசல். மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்குக் கால்விரல் நுழைகிற அளவு பிளக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் ரெண்டே வருஷத்தில் சுவரில் வைகையும் கிளை வாய்க்கால்களும் ஓடும் என்றார் இன்ஜினியர். அதனால் பத்துப் பன்னிரண்டு அடிக்குத் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகட்டி, கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்ப வேண்டுமாம். மேல்மண் என்ன ஆட்டம் போட்டாலும் கீழே ஆடாத மண்ணில் அந்தக் குடம் பிடித்துக்கொள்ளும். பிறகு தூண்களின் தலையில் பீம் ஓட்டி அதன்மேல் சுவர். என் வருங்கால வைப்புநிதி எங்கே என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் தரையைத்தான் காட்டுகிறேன்.

திருமலை நாயக்கர் 1636-இல் அரண்மனை கட்டியபோது செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது, தோண்டும்போது முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்று இங்கே சொல்வார்கள். மண் பார்க்க நான் தோண்டிய குழியில் கிடைத்தது ஒற்றைச் செருப்பு. இடதுகால்.

அனுமதி வாங்குவதற்குள் ஆயுசு போகும் என்று பயந்துகொண்டிருந்தேன். 2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்துவிட்டது. மனை 2500 சதுர அடிக்குள், குடியிருப்புக் கட்டடம் 3500-க்குள் என்றால் நாமே சான்று கொடுத்து ஆன்லைனில் அனுமதி எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு என் வாய்ச்சொல்லை நம்புகிறது. வீட்டில்தான் அந்தத் திட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை.

படம் போடும்போது இன்ஜினியர் 'பட்டறை' என்று எழுதத் தயங்கி, 'பல்நோக்கு அறை' என்று போட்டார். அந்தச் சொல்லில்தான் நான் மாட்டினேன். படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு நோக்கத்தோடு வந்தார்கள். மகன் புல்லட்டை நிறுத்த வந்தான். மனைவி மாவு கிரைண்டரையும் நாலு ஊறுகாய் ஜாடியையும் கொண்டுவந்தாள். மாமியார் மட்டும் பெருந்தன்மையாக, "எனக்கு ஒண்ணும் வேணாம் மாப்ள, வெங்காயம் பரப்ப ஒரு மூலை போதும்" என்றார். நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் தலைமுறை தலைமுறையாக ஓடியதை எடுத்துச் சொன்னேன். விழா மண்டபமே பட்டறையாகும்போது பட்டறை ஏன் உக்கிராண அறையாக வேண்டும்? கிரைண்டர் நகரவில்லை.

அளவில் அடுத்த வம்பு. 12க்கு 18 கேட்டேன். மாமனார் மனையடி சாஸ்திரத்தைப் பிரித்தார். 12 அடி என்றால் செல்வம் அழியுமாம். "அதுக்கு எதுக்கு அறை? இவர் உளி வாங்குற வேகத்துக்குத் திண்ணையே போதும்" என்றாள் மனைவி. 18-உம் ஆகாது. 17 தேவலாம், ராஜயோகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளைவுட் பலகை எட்டடி நீளம். மேஜை ரம்பத்தில் அதை நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி காலியாக இருக்க வேண்டும். நான் நிற்க ஓரடி. ஆக மொத்தம் 17! முன்னோர்கள் பிளைவுட்டை எப்படி முன்கூட்டியே அறிந்தார்கள் என்று வியந்து கையெழுத்துப் போட்டேன். அகலம் 11-க்கு இறங்கியது.

இடம் வாயு மூலை. கன்னி மூலையில் படுக்கை, அக்னி மூலையில் அடுப்பு, ஈசானியத்தில் சாமியும் போர்வெல்லும் என்று மற்ற மூலைகளில் ஏற்கெனவே ஆள் வந்தாயிற்று. மரத்தூள் பறக்க வாயு பகவான் பொருத்தமானவர்தான், அவருக்கு ஆஸ்துமா இல்லாதவரை.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் விரித்துக் காட்டினேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "செஞ்சிருவோம்ணே" என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. மதுரையில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கலெக்டராக இருந்த காலத்தில் பழைய கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தார்கள். அதில் அளவெடுத்த மாரட் பேரிலும், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி பேரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. கலெக்டரின் நினைவுக்கு மிஞ்சியது ஒரு விளக்குத்தூண். மேஸ்திரிக்கு வீதியே கொடுத்த ஊரில் நான் எந்த மூலை?

முதலில் காம்பவுண்டுச் சுவரை எழுப்பினார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மேலே போகப் போக சுவர் பக்கத்து மனையை எட்டிப் பார்த்தது. "பூசிட்டாத் தெரியாதுண்ணே" என்றார்.

இப்போது மனை பூஜைக்குக் காத்திருக்கிறோம். வாஸ்து புருஷன் வருஷத்துக்கு எட்டு நாள்தான் கண் விழிப்பார். அதுவும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் விளக்கி, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். ஓய்வுக்காலத்தை எப்படிக் கழிப்பது என்று அவரிடம்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

இடையில் சிமெண்ட் மூட்டை அடுக்க ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். சிமெண்ட் வரவில்லை. கொட்டகை சும்மாதானே கிடக்கிறது என்று ஒருநாள் சாயங்காலம் குட்டியானையில் மேஜையையும் பட்டறைப் பிடியையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். நீளம் எத்தனை அடி என்று அளக்கவில்லை. மத்தியானம் உள்ளே அப்பளம் பொரிக்கலாம், ஆனால் கிரைண்டர் வர வழியில்லை.

போன வாரம் முதல் ஆர்டரும் வந்தது, மேஸ்திரியிடமிருந்து. பூச்சு வேலைக்கு ஒரு மணியாசுக் கட்டை. ரெண்டு நாள் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீட்டினேன். வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைப்பிடி லேசாக் கோணலா இருக்கேண்ணே?"

"பூசிட்டாத் தெரியாது மேஸ்திரி" என்றேன்.