வால்டாக்ஸ் 0.0

சென்னை யானைக்கவுனியில் கவுனி என்கிற வாசலும் கிடையாது, யானையும் கிடையாது. அந்தப் பெயரில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. பெயரையும் வெர்ஷன் எண்ணையும் மனுஷன் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கோட்டையை ஒட்டி இருந்த கறுப்பர் நகரம்தான் முதல் ரிலீஸ். 1746-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்து இடிக்க ஆரம்பித்தான். 1749-ல் திரும்பி வந்த ஆங்கிலேயக் கும்பினி மிச்சத்தை இடித்தது. பீரங்கிக்கு மறைக்கிறதாம்! இன்று அங்கே ஹைகோர்ட். ஜனங்கள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் ஒதுங்கினால், அதற்கும் அதே பெயரை ஒட்டினார்கள். எண்ணை ஒன்று கூட்டவாவது கூட்டியிருக்கலாம்.

1769-ல் ஐதர் அலி பரங்கிமலை வரை வந்ததில் கும்பினிக்கு வயிற்றைக் கலக்கியது. வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பும் காண்ட்ராக்ட் பால் பென்ஃபீல்டுக்குப் போனது. ஆற்காடு நவாபுக்கு வட்டிக்கு விட்டே கொழுத்த ஆசாமி. பிற்பாடு 1785-ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் இவர் மானத்தைக் கப்பலேற்றினார். சுவர் வந்தது, யானைக்கவுனி வந்தது. செலவை ஊர் தலையில் கட்ட ‘சுவர் வரி’ போடப் பார்த்தார்கள். ஊர் மசியவில்லை, வரி வசூலாகவே இல்லை. ஆனால் சுவரோரத் தெருவுக்கு வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் நின்றுவிட்டது. வெளிவராத ரிலீஸுக்கு டேக்!

இன்றைய மென்பொருள் பில்டு பைப்லைன், எண்ணை மனுஷனிடம் விடும் இந்த வம்பே வைத்துக்கொள்வதில்லை. மேனேஜரிடம் விட்டால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று போவார் என்று அதற்குத் தெரியும். ‘கிட் டிஸ்கிரைப்’ என்று கட்டளை கொடுத்தால், கடைசி டேக், அதன்பின் விழுந்த கமிட்டுகள் எத்தனை, இப்போதைய கமிட்டின் அடையாளம் என்று மூன்றையும் கோத்து எண்ணாகத் துப்பும். கமிட் செய்யாத மாற்றம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னால், இருக்கும்போது வாலில் ‘டர்ட்டி’ என்று ஒட்டிவிடும். பென்ஃபீல்டின் சுவருக்கு இதை ஓட்டியிருந்தால் செங்கல்லுக்குச் செங்கல் அந்த வார்த்தைதான் இருந்திருக்கும்.

அப்புறம் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் கறுப்பர் நகரமே ஜார்ஜ் டவுன் ஆனது. சுவரில் ராயபுரம் பழைய ஜெயில் ரோட்டருகே ஒரு துண்டு மிச்சம். அதன் தலையில் மாடிப் பூங்கா. வால்டாக்ஸ் ரோட்டுக்கு இப்போது வ.உ.சி. சாலை என்று பெயர். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோக்காரரிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள், “வால்டாக்ஸ்தானே சார்?” என்பார்.