பிளே எடுப்பவர்

வத்தளையில் நீர்கொழும்பு வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பிளே எடுப்பவர் காணப்படுகிறார். ஹெந்தளைப் பக்கம் கொஞ்சம் கூடுதல். அடையாளம் சுலபம். கார் ஒழுங்கையில் மழையில் நிற்கும். கராஜுக்குள் பழைய பெட்ஷீட் போர்த்தபடி ஒரு சின்ன சி.என்.சி. மில்லிங் மெஷின் நிற்கும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழில் வங்கியிலோ துறைமுகக் கந்தோரிலோ. இரும்போடு சம்பந்தமில்லாத எதுவும் பொருந்தும். மெஷின் வந்தது மகளின் கலியாணத்துக்கு முன்பு, இப்போது பேரன் நடக்கிறான். இவ்வளவு காலத்தில் அதில் வெட்டப்பட்டவை: சோதனைக்கு ஓர் அலுமினியச் சதுரம், அது சரியான சதுரமா என்று பார்க்க இன்னொரு சதுரம்.

இந்த மெஷின்களின் மேசையை நகர்த்துவது ‘போல் ஸ்குரூ’ என்ற குண்டுத் திருகு. திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் உருக்குக் குண்டுகள் உருளும். நட்டின் ஒரு முனைக்கு வந்த குண்டு பக்கவழியால் திரும்பவும் தொடக்கத்துக்குப் போகும். பழைய லொறிகள் பலவற்றின் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். உரசல் குறைவென்பதால் கொடுத்த சக்தியில் 90 சதவீதமளவு வேலைக்குப் போய்ச் சேரும். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் கிடப்பது 1605 என்ற ரகம்: விட்டம் 16 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்வு. தரம் சி7. அதாவது 300 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 0.05 மில்லிமீட்டர் வரை பிழைக்கலாம் என்று செய்தவனே சொல்லித்தான் விற்கிறான். பிளே எடுப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே 0.005-க்காக உயிரை விடுகிறார்.

பிளே என்பது, திசை மாறும்போது மேசை அசையாமல் திருகு மட்டும் சும்மா சுற்றும் அந்த இடைவெளி. சர்க்கரை வருத்தக்காரர் விடியற்காலையில் சுகர் பார்ப்பதுபோல, இவர் தேத்தண்ணிக்கு முன் பிளே பார்ப்பார். காந்த ஸ்டாண்டை மெஷினின் தூணில் ஒட்டி, டயல் கேஜின் முனையை மேசையில் முட்டவைத்து, ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார். பிறகு மேசை ஒரு மில்லிமீட்டர் முன்னே போகும், ஒரு மில்லிமீட்டர் பின்னே வரும். ஊசி பூச்சியத்தை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு பிளே. இரண்டு நிமிட வேலை. இவருக்கு ஒரு முற்பகல் போகும். ஏனெனில் கேஜில் ஒரு கோடு 0.01, அதற்குக் கீழே உள்ளதைக் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். தலையை இடப்பக்கம் சரித்தால் ஊசி கோட்டின்மேல் நிற்கிறது, நேரே பார்த்தால் அரைக்கோடு விலகுகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கோடே இல்லை. மூன்றையும் சீ.ஆர். கொப்பியில் திகதி, நேரத்தோடு எழுதிவைப்பார்.

அளந்ததற்குச் சாட்சி வேண்டும். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், கலியாணக் காட் கொடுக்க வந்த சொந்தக்காரர், ரியூஷனுக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, யார் அகப்பட்டாலும் சரி. “தம்பி, ஒருக்கா இந்த ஊசியைப் பாருங்கோ. அசையுதா?” அசைகிறது என்று சொன்னால் ஒரு மணிநேர விளக்கம். அசையவில்லை என்றால், “வடிவாப் பாருங்கோ!” தப்பி ஓட நினைப்பவர், “போன முறையைவிடக் குறைஞ்சிருக்கண்ணை” என்று சொல்லிப் பார்க்கலாம். பலித்தால் வீட்டுக்குள்ளிருந்து பிளேன் டீ வரும்.

மத்தியானம் தகரக் கூரை கொதிக்கும்போது எண்கள் மாறும். உருக்கு, மீட்டருக்கு ஒரு பாகைக்கு 11, 12 மைக்ரோன் நீளும். 300 மில்லிமீட்டர்த் துண்டு பத்துப் பாகை சூடேறினால் 35 மைக்ரோனுக்குக் கிட்ட. அது பிளேயே இல்லை, நீட்சி. ஆனாலும் காலைக் கணக்கையும் மாலைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் கவலைப்படுவார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணிநேரம் கரண்ட் போனபோது நாடே வெந்து கிடந்தது. இந்த ஒரு வகையினருக்கு மட்டும் குறையில்லை: டயல் கேஜுக்குக் கரண்ட் தேவையில்லை, மேசையைக் கையாலும் சுற்றலாம், ‘ஏன் ஒன்றும் செய்யவில்லை?’ என்று கேட்க ஒருவராலும் முடியாது.

பிளே வருமிடம் பெரும்பாலும் நட் அல்ல. திருகின் முனையைத் தாங்கும் பேரிங். அங்கே கோணத் தொடுகைப் பேரிங் இரண்டு எதிரெதிராக உட்கார்ந்து, முன்னும் பின்னும் வரும் தள்ளுதலைத் தாங்க வேண்டும். மலிவு மெஷின்களில் அந்த இடத்தில் சாதாரண பேரிங்கைப் போட்டு அனுப்புகிறார்கள். அல்லது லொக் நட் தளர்ந்திருக்கும். கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. திருகின் முனையிலுள்ள சென்டர்க் குழியில் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஓர் உருக்குக் குண்டை ஒட்டி, அந்தக் குண்டில் தட்டை முனை டயல் கேஜை முட்டவைத்து, மேசையைக் கையால் தள்ளி இழுப்பது. ஊசி அசைந்தால் திருகே முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது, குற்றம் பேரிங்கில். லொக் நட்டைப் பொட்டுப்பொட்டாக இறுக்கி, திருகு கையால் இலகுவாகச் சுற்றும் கட்டத்தில் நிறுத்தினால் வேலை முடிந்தது. மேலும் இறுக்கினால் பேரிங் சூடேறிச் சாகும்.

இதையும் அவர் அறிவார். கேட்டால் ஒழுங்கையில் நின்று பாடமே எடுப்பார். ஆனால் வேலை அரைமணியில் முடிந்துவிடும் என்பதே அதிலுள்ள குறை. ஆகவே நட்டைக் கழற்றுவார். வெறுந் திருகிலிருந்து நட்டைச் சுற்றி எடுத்தால் குண்டுகள் கொட்டும். கொட்டாமலிருக்க, திருகின் அடிவிட்டத்துக்குச் சரியான ஒரு குழாய்க்குள் நட்டை ஏற்ற வேண்டும். மெஷினோடு வந்த பிளாஸ்டிக் குழாயை வீட்டுக்காரி குப்பையோடு போட்டுவிட்டார் என்பது அவர் வாதம். அன்று பின்னேரம் வீடு முழுக்கக் குண்டு. காந்தத்தோடு ஒருவர், டோர்ச்சோடு ஒருவர், அலுமாரிக்கடியில் பேரன். ஒரு குண்டு குறைந்தால் நட்டுக்கு ஒன்றும் ஆகாது, வரிசையில் சிறு இடம் விடுவதே நல்லது. இவர் நம்பமாட்டார். அடுத்த கட்டம், பழைய குண்டைவிடச் சில மைக்ரோன் பெரிய குண்டு போட்டுப் பிளேயைக் கொல்வது. பழைய குண்டின் அளவான 3.175 மில்லிமீட்டர் என்பது சைக்கிள் பிரீவீலுக்குள் கிடக்கும் 1/8 அங்குலக் குண்டுதான். பஞ்சிகாவத்தைக் கடையில் இவர் 3.180 கேட்பார். கடைக்காரர் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்வார்.

கடற்காற்றுக்குத் திருகு துருப்பிடிக்காமலிருக்க, கிராபைட் தூள் கலக்காத லித்தியம் கிரீஸை இவர் குழந்தைக்கு எண்ணெய் பூசும் பக்குவத்தில் பூசுவது உண்மை. மென்பொருளிலேயே பிளேயைக் கழித்துவிடலாமே என்றால் அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

இவரிடமுள்ள நல்லதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் எந்த வீட்டுத் தண்ணி மோட்டர் கத்தினாலும், ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, முன் பேரிங்கா பின் பேரிங்கா என்று சொல்லிவிடுவார். சொன்னது பிழைப்பதில்லை. தானே பஸ்ஸேறிப் போய் 6202 வாங்கிவந்து, பழையதைச் சுத்தியல் படாமல் கழற்றிப் புதியதைப் போட்டுத் தருவார். காசு வாங்கமாட்டார்.

கடன் வாங்குவார். அதுதான் தாங்க முடியாதது. காந்த ஸ்டாண்டை ஒருநாளைக்கென்று எடுத்துப்போனால் வருடக்கணக்கில் அது அவருடைய தூணில்தான். திருப்பிக் கேட்டால், “இப்ப எடுத்தா பூச்சியம் போயிடும் தம்பி” என்பார், அதுவும் நியாயம் பேசுகிறவரின் குரலில். கேட்டுக்குப் பிணைச்சல் புஷ் செய்து தருவதாக வாங்கிய பித்தளைத் துண்டும் அங்கேதான், பிளே முடியட்டும் என்று காத்துக் கிடக்கிறது. பட்டறையிலிருக்கும் லேத் பாஸின் மெஷினில் கைப்பிடி கால் சுற்றுச் சும்மா சுற்றும். அவர் எப்போதும் ஒரே பக்கமிருந்து திருகி வந்து பிளேயை வாங்கிக்கொள்வார்; பிளேன் டீ ஆறுமுன் புஷ் கையில் இருக்கும்.

ஆகவே வத்தளையில் புதிதாகக் குடிவருவோர் தண்ணி மோட்டரைத் தயங்காமல் இவரிடம் கொடுக்கலாம். புஷ் வேலையை லேத் பாஸிடம் கொண்டுபோங்கள். காந்த ஸ்டாண்ட் கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லிவிடுங்கள்.