பிசுக்கு முற்றுகை

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் செஞ்சிக் கோட்டையை வளைத்தார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை முகலாயர் கைக்கு வந்தது 1698-இல்தான். இத்தனைக்கும் அவர் முகலாயப் பேரரசின் தளபதி. செஞ்சியில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வரலாறு வியப்பாக இருக்காது. மல்லாட்டை விளைகிற சீமை இது. எண்ணெய்க்கும் குறைவில்லை, வடைக்கும் குறைவில்லை. ஃபேன் இறக்கையில் படிந்த பிசுக்குக்கு, கோட்டை நிற்கும் ராஜகிரி மலையின் பிடிவாதம் உண்டு.

இந்தப் பிசுக்கின் மேல் படையெடுத்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வேலையில் இருந்தவரை வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி அறியாதவர். ஓய்வு பெற்றதும் கையில் செல்போன் வந்தது, செல்போனில் வீடியோ வந்தது, வீடியோவில் யாரோ ஒருவர் ‘கெமிக்கலே இல்லாத கிளீனர்’ பற்றி இனிக்க இனிக்கப் பேசினார். மறுநாளே குடும்பத்துக்கு அறிவிப்பு: இனி இந்த வீட்டுக்குள் கடை சோப்பும் பவுடரும் நுழையாது.

“ஏங்க, கழுவறது யாரு?” என்று கேட்டார் மனைவி. வாத்தியாருக்கு அது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வியாகப் பட்டது. பதில் சொல்லவில்லை.

முதல் தாக்குதல் சிங்க்கில் நடந்தது. ஆப்ப சோடாவைக் கொட்டி, அதன்மேல் வினிகரை ஊற்றினார். புஸ்ஸென்று நுரை பொங்கியது. பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். வேடிக்கை என்ற அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் கட்டிப்புரண்டு ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. கரியமில வாயு நுரையாகப் பறந்துவிடும். மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற சாதுவான உப்பும். தனித்தனியாகப் பயன்படுத்தியிருந்தால் சோடா பிசுக்கைப் பெயர்த்திருக்கும், வினிகர் குழாயில் படிந்த உப்புக் கறையைக் கரைத்திருக்கும். சேர்த்ததால் இரண்டு வேலையும் நடக்கவில்லை. பாதி வீடியோக்களின் இயற்கை கிளீனர் இந்த நுரைதான்.

திண்ணையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, அதாவது வாத்தியாரின் அம்மா, எழுந்து வந்து சிங்க்கை எட்டிப் பார்த்தார். “இன்னாடா இது, கழனித்தண்ணி கணக்கா?” என்றார். பிறகு பானைக்குள் கையை விட்டு ஒரு உருண்டைப் புளியை எடுத்துக்கொண்டு குத்துவிளக்கோடு கொல்லைப்பக்கம் போனார்.

பித்தளையும் செம்பும் கறுப்பது மேலே படியும் ஆக்சைடால். புளியில் டார்டாரிக் அமிலம் 8 முதல் 18 சதவீதம் வரை உண்டு. அது அந்தக் கறுப்பைக் கரைத்துவிடும். தேய்த்ததும் விளக்கு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். அதோடு விட்டால் ஒட்டியிருக்கும் அமிலம் சீக்கிரமே பச்சை பூக்க வைக்கும். அதனால்தான் ஆயா நன்றாக அலசி, துடைத்து, கடைசியில் விபூதியால் ஒரு தேய் தேய்க்கிறார். விபூதி காரத்தன்மை உள்ளது; மிச்சமிருக்கும் புளிப்பை முறித்து ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அமிலத்தையும் காரத்தையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதில்தான் விஷயம். ஆயா இதை எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை. ‘கெமிக்கல் இல்லை’ என்றும் அவர் சொல்லிக்கொண்டதில்லை. டார்டாரிக் அமிலம் கெமிக்கல் இல்லாமல் வேறென்ன?

அடுத்து சாம்பல். இங்கேதான் வாத்தியார் பொருளாதாரத்தில் மாட்டிக்கொண்டார். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. ஈரச் சாம்பல் எண்ணெயோடு சேரும்போது கொஞ்சம் சோப்பாகவே மாறுகிறது. நுண்துகள் தேய்க்கவும் உதவுகிறது. ஆனால் சாம்பல் வேண்டுமென்றால் விறகடுப்பு வேண்டும். தமிழக அரசு 2007-இல் இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது, 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அடுப்பங்கரையில் புகை போனது நல்லது, கூடவே சாம்பலும் போயிற்று. இன்று அதே சாம்பல் அழகான பொட்டலத்தில் இணையக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. வாத்தியார் விலையைப் பார்த்துவிட்டு, விறகடுப்பு வைத்திருக்கும் டீக்கடைக்கு டப்பாவோடு போய் நின்றார். வீட்டில் ஏதாவது விசேஷமா, துக்கமா என்று புரியாமல் கடைக்காரர் திருநீற்றுத் தட்டை நீட்டினார்.

உமிக்கரிக்கு அந்தத் தொல்லை இல்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் வந்து குவியும் நெல் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரில் உமிக்குப் பஞ்சமே வராது என்று தெரியும். உமியை முழுக்க எரித்தால் கிடைக்கும் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. மணலும் அதே சிலிக்காதான். அடிப்பிடித்த இரும்புச் சட்டிக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. வாத்தியார் அதை மருமகளின் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பரிசோதித்தார். அன்றிரவு அந்த வீட்டில் உப்புமா.

பூந்திக்கொட்டைதான் இந்தப் போரில் வாத்தியாருக்குக் கிடைத்த ஒரே உண்மையான வெற்றி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கொட்டையை நீக்கி, தோலை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு சாறு. அதிலுள்ள சப்போனின்தான் அழுக்கை அகற்றுகிறது. சீயக்காயிலும் அதே சங்கதி. போர்வெல்லின் கடினத் தண்ணீரில் சாதாரண சோப்பு திரிந்து வெள்ளையாகப் படியும். சப்போனின் அப்படித் திரிவதில்லை. பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் இதைத்தான் நம் வீடுகளில் காலங்காலமாக நம்பினார்கள். நுரை மட்டும் குறைவு. நுரையைக் கண்டால்தான் அழுக்குப் போனதாக நம்பும் நமக்கு இது பெரிய மனக்குறை.

சாறு சில நாளில் புளித்துவிடும் என்பதால் வாத்தியார் அதை ஒரு பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். பாட்டிலில் பெயர் எழுதவில்லை. மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்திருந்த மாப்பிள்ளை, பஸ் கூட்டத்தில் நசுங்கி வெயிலில் வாடி வீட்டுக்குள் நுழைந்தார். குளிர்பெட்டியைத் திறந்தார். நன்னாரி என்று நினைத்து ஒரு மடக்கு குடித்தார். சப்போனின் அப்படியொரு கசப்பு. மாமனார் வீட்டில் துப்புவது மரியாதையா என்று யோசித்தபடி அவர் நின்ற அந்தச் சில நொடியில் வாயோரம் நுரை தள்ளிவிட்டது. ஆயா மட்டும் நிதானமாக, “வவுறு சுத்தமாயிடும் மாப்ள, வாயக் கொப்பளிங்க” என்றார்.

அதற்கப்புறமும் வாத்தியார் ஓயவில்லை. அடுத்தது பயோ என்சைம். தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது: வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும். ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று ஆல்கஹால் ஆக்கும், பிறகு பாக்டீரியா அதை அசிட்டிக் அமிலமாக்கும். சுருக்கமாகச் சொன்னால், கமலாப்பழ வாசனை அடிக்கும் நீர்த்த வினிகர். தரை துடைக்க நன்றாகவே இருக்கும். முதல் மாதம் முழுக்க தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும் என்பதையும், கண்ணாடி பாட்டில் கூடாது என்பதையும் வீடியோக்காரர் சொல்லத்தான் செய்தார். வாத்தியார் அந்தப் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார்.

நள்ளிரவில் பாட்டில் வெடித்தது. தெருவே எழுந்துகொண்டது. ராஜகிரி உச்சியில் இன்னும் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தத் திசையைத்தான் முதலில் பார்த்தாராம். சமையலறைச் சுவரெங்கும் ஆரஞ்சுத் தோல். சிதறியது கடப்பா கல் மேடையிலும் விடியும்வரை ஊறியது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. வினிகர், எலுமிச்சை, புளி, பயோ என்சைம் எதுவானாலும் அமிலம் பட்டால் அது அரிக்கப்பட்டு வெளுத்துப்போகும். கருங்கல் மேடையாக இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

கல்லுக்கு ஏற்ற மருந்து என்பதில் தொல்லியல் துறை இந்த வீடியோக்காரர்களைவிடக் கவனமானது. தாஜ்மகாலின் பளிங்கு மஞ்சளடித்தபோது அதன்மேல் அவர்கள் அமிலத்தை ஊற்றவில்லை. முல்தானி மிட்டி மண்ணைக் குழைத்துப் பற்றுப்போட்டு, காய்ந்ததும் கழுவி எடுத்தார்கள். முகத்துக்குப் பூசும் அதே மண். செஞ்சிக் கோட்டையும் அந்தத் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். அதன் பழைய சுண்ணாம்புப் பூச்சுகளுக்கும் அமிலம் பகைதான். சுவரில் காதலியின் பெயரைக் கிறுக்கிவிட்டு, மனம் மாறி எலுமிச்சைப் பழத்தோடு போகிறவர்கள் தயவுசெய்து திரும்பி வந்துவிடவும்.

வாத்தியார் மனைவியின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. கழுவுவது யார்? அந்தக் காலத்து இயற்கைச் சுத்தத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். உவர்மண்ணில் துணியை ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து வெளுத்தவர்களின் தோள்வலியை யாரும் செய்முறையில் எழுதுவதில்லை. புளியும் சாம்பலும் தேங்காய்நாரும் பெண்களின் மணிக்கட்டை நம்பித்தான் வேலை செய்தன. சோப்புத்தூள் விற்றதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. அது முதுகுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தது. இப்போது அந்த வீட்டில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டிருக்கிறது: எந்த இயற்கைப் பொருளை வாத்தியார் தயாரித்தாலும் அதைக்கொண்டு தேய்க்க வேண்டியவரும் அவரே. புதுக் கண்டுபிடிப்புகள் சட்டென்று குறைந்துவிட்டன. பூந்திக்கொட்டைச் சாறு, புளி, ஆப்ப சோடா ஆகிய மூன்றும் தங்கிவிட்டன. கழிவறைக்குக் கடைச் சரக்கே போதும் என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

நீங்களும் களத்தில் இறங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகர், எலுமிச்சை, பயோ என்சைம், கழிவறை ஆசிட் எதையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். தெரியாமல் ஊற்றிவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள், கறை அங்கேயே இருக்கட்டும்.