வாரிசு வேட்டை

இங்கிலாந்தில் உயிலும் தெரிந்த உறவும் இல்லாமல் செத்தவர்களின் பெயர்களை அரசே பட்டியலிட்டு வந்தது. வாரிசைத் துப்பறிந்து பங்கு வாங்கவே கம்பெனிகள் உண்டு. பிபிசி அதைத் தொடராகவே காட்டியது.

வானூர் வட்டம் இரும்பையில் இந்த வேலை நிலத்தரகருடையது. பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பேரில்தான். ஆரோவில் பக்கத்து மனை என்று விலை ஏறியதும், தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் தருமுன்னே, பாரிசுக்குப் போன பேரன்வரை வம்சாவளியைத் தரகர் ஒப்பிப்பார்.

மகளுக்குச் சம பங்கென்று தமிழகம் 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் சட்டத்தைத் திருத்தின. அண்ணன்மாருக்குத் தங்கை ஞாபகம் வருவதென்னவோ, “தங்கச்சி கையெழுத்து இல்லாம கிரயம் நிக்காதுங்க” என்று தரகர் இழுக்கும்போதுதான். மறுநாளே பட்டுப்புடவையோடு கிளம்புகிறார்கள்; மடிப்புக்குள் விடுதலைப் பத்திரம்.